அந்நியன் வியாதி

கணியூர் டீக்கடையில் ஓர் இளைஞர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். ‘அந்நியன் வியாதிங்க. பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரா இருந்த பையன்’ என்றார் பக்கத்தில் இருந்தவர்.

2005-ல் வந்த ‘அந்நியன்’, ‘சந்திரமுகி’ படங்களில் விக்ரமும் ஜோதிகாவும் பின்னியெடுத்தார்கள். மறுக்கவில்லை. ஆனால், ஒரே உடம்பில் ரெண்டு, மூணு ஆட்கள் என்று அவை காட்டியது வேறு சமாச்சாரம். ஸ்கிசோஃப்ரினியா எனும் மனச்சிதைவு நோயில் ஆள் மாறுவதில்லை. இல்லாத குரல் கேட்கும். யாரோ சதி செய்வதாகத் தோன்றும். பேச்சு கோவையில்லாமல் போகும். சிலர் மூலையில் சுருண்டுவிடுவார்கள்.

சந்தேக வகை, சிதறல் வகை, உறைந்துபோகும் வகை என்றெல்லாம் டாக்டர்களும் பிரித்து வைத்திருந்தார்கள். ஆனால், ஒரே நோயாளிக்கே காலப்போக்கில் வகை மாறியது. அதனால் 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டிலிருந்து அந்த வகைகளை நீக்கிவிட்டது. டாக்டர்களே லேபிளைக் கிழித்துவிட்டார்கள். நாம் சினிமா லேபிளை ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

அதைவிட மோசம், க்ளைமாக்ஸ். ‘சந்திரமுகி’யில் மனநல டாக்டரே மாந்திரீகர் துணையோடு ஒரே ராத்திரியில் குணப்படுத்திவிடுகிறார். நிஜத்தில் மாத்திரை, குடும்பத்தின் பொறுமை, மறுபடி ஒரு வேலை என வருடக்கணக்காகும். 1984-ல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ செய்வது இந்த மெதுவான வேலையைத்தான். சீக்கிரம் ஆரம்பித்தால் பலன் அதிகம்.

‘டாக்டர்கிட்ட காட்டினாங்களா?’ என்றேன்.

‘ரெண்டு வருசமா மந்திரிக்கிறாங்க. ரஜினி மாதிரி யாராச்சும் வந்தாத்தானுங்க...’

அவர் ஜோக்கடிக்கவில்லை.