பள்ளிக்கூடத்துத் தனி அறை

காலையில் பள்ளிக்குப் போன பிள்ளையை மதியம் வகுப்பிலிருந்து கூப்பிடுகிறார்கள். தனி அறையில் குழந்தைநல அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். "ராத்திரி என்ன சாப்பிட்ட? வீட்ல யாரும் அடிப்பாங்களா?" பெற்றவளுக்கு விஷயம் தெரியும்போது விசாரணை முடிந்திருக்கும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இதற்குச் சட்டமே இடம் தருகிறது.

கறுப்பினச் சட்டப் பேராசிரியர் டோரதி ராபர்ட்ஸ் 2022இல் வெளியிட்ட 'டோர்ன் அபார்ட்' நூல் இந்தத் துறையைக் 'குடும்பப் போலீஸ்' என்கிறது. பெயர் சரிதான். 18 வயதுக்குள் இத்துறையின் விசாரணைக்கு ஆளாகும் பிள்ளைகள் நூற்றுக்கு 37 பேர், கறுப்பினப் பிள்ளைகளில் 53 பேர் என்று 2017இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலான குற்றச்சாட்டு அடி உதை அல்ல, 'கவனிப்பின்மை'. அழுக்குச் சட்டை, காலியான அடுப்பு, வேலைக்குப் போன அம்மா. ஏழ்மைக்கு அதிகாரம் வைத்த இன்னொரு பெயர் இது. சந்தேகம் வந்தாலே புகார் செய்ய வேண்டும் என்ற சட்டம் வாத்தியாரையும் உளவாளி ஆக்கிவிட்டது.

பெற்றோருக்கு உரிமையே இல்லையா? உண்டு. என்ன புகார் என்று கேட்கலாம், வக்கீல் வைக்கலாம், கோர்ட் உத்தரவு இல்லாமல் வீட்டுக்குள் விட மறுக்கலாம். ஆனால் வீட்டு வாசலில் செல்லும் உரிமை பள்ளி வாசலில் செல்வதில்லை. ஆரிகனில் 2003இல் 9 வயதுச் சிறுமியைப் பள்ளியில் வைத்து, துப்பாக்கி ஏந்திய காவலர் உடனிருக்க விசாரித்தார்கள். அது தவறு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் சொன்னது. வழக்கு காலாவதியாகிவிட்டது என்று கூறி, 2011இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையும் ரத்து செய்தது. கேள்வி அப்படியே நிற்கிறது.

ராபர்ட்ஸ் இத்துறையையே ஒழிக்கச் சொல்கிறார். அந்த இடத்தில் பணம், வீடு, சமூகத்தின் துணை வேண்டும் என்கிறார். இங்கேதான் எனக்கு இடிக்கிறது. அப்பனே கை வைக்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்தான் வாய் திறக்கும் ஒரே இடம். வீட்டுக்குள் நடப்பதை 'நம்ம சனம்' என்று மூடி மறைத்த கதை நம் பெண்களுக்குத் தெரியும். நூல் இதைத் தொடுகிறது. அதன் பதில்தான் போதவில்லை.

நம் நிலைமையோ தலைகீழ். நம் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவ வைத்த பள்ளிகளுக்குள் எந்த அதிகாரியும் தானாக வரவில்லை. கேட்கப்போன தாய்க்குக் கிடைத்தது "வெளிய நில்லும்மா". அங்கே அளவுக்கு மீறிய கண், இங்கே குருட்டுக் கண். இரண்டு இடத்திலும் தாய் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறாள்.

இத்தனைக்கும் நம்மிடம் ஒரு நல்ல விதி இருக்கிறது. 2012இல் வந்த போக்சோ சட்டம், பெற்றோரோ பிள்ளை நம்பும் வேறொருவரோ உடனிருக்கத்தான் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்கிறது. குற்றவாளி வீட்டிலேயே இருந்தாலும் பிள்ளை தனியாக உட்கார வேண்டியதில்லை. ராபர்ட்ஸ் விட்டுவைத்த கேள்விக்குப் பதில் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் சட்டத்தில் எழுதியிருப்பது சேரிப் பிள்ளைவரை வந்து சேருகிறதா? அந்தத் தனி அறைக்குள் நம்ம ஆள் ஒருத்தர் உட்காரும்வரை அதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.