அடுப்படி வரை வந்த போர்

எரிக் மரியா ரெமார்க் எழுதி 1929இல் நூலாக வெளிவந்த ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்’ என்னும் ஜெர்மானிய நாவலைப் போர்க்களச் சித்திரம் என்றே பலரும் போற்றுவர். அதன் உயிர்நிலை, வீரன் விடுப்பில் வீடு திரும்பும் பகுதியிலேயே உள்ளது என்பது நமது துணிபு.

1914 ஜூன் 28இல் சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டு 4க்குள் ஐரோப்பிய வல்லரசுகள் ஐந்தும் போரில் இறங்கின. பிரிட்டிஷ் கடற்படை முற்றுகையிட்டது. 1916இல் உருளைக்கிழங்கு விளைச்சலும் பொய்த்தது. கால்நடைத் தீவனமான டர்னிப் கிழங்கே ஜெர்மானியக் குடும்பங்களின் குளிர்கால உணவாயிற்று.

இப்பஞ்சத்தை ரெமார்க் விரித்துரைக்கவில்லை. எலும்பு வாங்க நெடுநேரம் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பும் மகனையும் மகளையும் காட்டுகிறார். நோயுற்ற தாய் சுட்டனுப்பிய உருளைக்கிழங்கு அடையில் இரண்டை, பசித்த ரஷ்யக் கைதிகளுக்கு மகன் ஈகிறான். பகைமையின் பொருளின்மையை இதனினும் எளிதாய் உணர்த்தல் அரிது.

குறையும் உண்டு. மாணவரைப் படையில் சேரத் தூண்டிய ஆசிரியர் கன்டோரெக்கைக் கடிந்துரைக்கும் அளவிற்கு, போரை மூட்டிய அரசுகளை நூல் ஆராயவில்லை. ஆயினும் ஆசிரியப் பணியிலுள்ள நாம் அக்கண்டனத்தைத் தட்டிக்கழிக்கலாகாது. மாணவர்க்கு நாம் உரைக்கும் சொல்லுக்கு அவர்தம் தாய்மாரும் விலை கொடுக்க நேரும்.