கோடு எதுவரை நேர்?

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் இருக்கிறது காஹாங். சுற்றிலும் செம்பனை. அங்கே ஒரு சிறுதோட்டக்காரரின் பிள்ளை படிவம் மூன்றில் நேர்கோட்டுப் பாடம் படிக்கும்போது, சரிவு, வெட்டுத்துண்டு என்று மனப்பாடம் செய்கிறது. அந்தக் கோடு வீட்டிலேயே, அப்பாவின் விலைச் சீட்டில் கிடக்கிறது.

குலை விலையை 1 விழுக்காடு எண்ணெய்க்கு இவ்வளவு என்றுதான் சொல்வது வழக்கம். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமும் அப்படியே வெளியிடுகிறது. 1 விழுக்காட்டுக்கு 40 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். குலை எடையில் 20 விழுக்காடு எண்ணெய் இறங்கினால் டன்னுக்கு 800 ரிங்கிட். 21 என்றால் 840. சரிவு 40. லாரிக் கூலி டன்னுக்கு 50 பிடித்தால் கோடு அப்படியே 50 கீழே இறங்கும், சரிவு மாறாது. இதுதான் வரைபடத்தின் பலம். சரிவுக்கு ரிங்கிட் என்ற அலகும், வெட்டுத்துண்டுக்கு லாரிக் கூலி என்ற பெயரும் கிடைத்துவிடுகின்றன. சீட்டில் ஒரு கணக்கு தப்பினால், அந்தப் புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

குறையும் இதே கோட்டில்தான். தாளில் அது பூஜ்ஜியம் வரை ஓடுகிறது. எண்ணெயே இல்லாத குலையை எந்த ஆலையும் வாங்காது. இந்தக் கோட்டுக்குப் பொருள் உள்ள பகுதி 20ஐ ஒட்டிய சிறு துண்டுதான். அந்த 20கூட ஒவ்வொரு லாரியிலும் பிழிந்து பார்த்த எண் அல்ல. குலையில் பழம் உதிர்ந்த குழிகளைப் பார்த்து, பழுத்ததா காயா என்று தரம் பிரித்துக் கணிப்பது. கோடு துல்லியம், கிடையச்சு மதிப்பீடு.

இன்னும் பெரிய பிழை, இதே பழக்கத்தோடு மரத்தையும் படிப்பது. நட்டு மூன்றாம் ஆண்டு வாக்கில் காய்ப்புக்கு வரும் செம்பனை, அடுத்த சில ஆண்டுகள் விளைச்சலில் ஏறுமுகம். அந்தப் புள்ளிகளை மட்டும் இணைத்து நீட்டினால் 25ஆம் ஆண்டில் மரம் குலைகளாலேயே நிறைந்திருக்க வேண்டும். உண்மையில் அது மறுநடவுக்கு ஒதுக்கும் வயது. மழைக்கும் விளைச்சலுக்கும் ஒரே மாதத்தில் புள்ளி வைத்தாலும் ஏமாற்றமே: பூ ஆணா பெண்ணா என்பது அறுவடைக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. இன்றைய குலை அன்றைய வறட்சிக்குப் பதில் சொல்கிறது.

விலைக்கோடு நேராக இருப்பதற்குக் காரணம், விற்பவரும் வாங்குபவரும் அப்படிப் பேசிக்கொண்டது. மரம் அப்படி யாரோடும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே கட்டத்தாளில், ஒரே அளவுகோலால் வரைந்துவிட முடிகிறது. சரிவைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்வியோடு, ‘இந்தக் கோடு எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை செல்லும், ஏன்?’ என்ற இன்னொன்றையும் சேர்த்து, அதற்கும் மதிப்பெண் வைக்கலாம். அந்த விடையை அப்பாவிடம் கேட்டே பிள்ளை எழுதிவிடும்.