‘எனலாம்’ என்று சொல்வது யார்? – மாணவர் ஆய்வு நடை பற்றிச் சில குறிப்புகள்

தமிழ் ஆய்வேடுகளில் ரொம்ப அதிகமாக உழைக்கிற சொல் எதுவென்று கேட்டால் ‘எனலாம்’ என்பேன். அதற்கடுத்து ‘காணப்படுகிறது’, ‘அறிய முடிகிறது’, ‘புலனாகிறது’. இந்த நாலு சொல்லுக்கும் ஒரு வருஷம் தடை போட்டால் பாதி ஆய்வேடுகள் நடுவழியில் நின்றுவிடும். கிண்டலுக்குச் சொல்லவில்லை. அப்படி நின்றுபோகிற இடத்தில்தான் மாணவர் எழுதவே ஆரம்பிப்பார் என்று நினைக்கிறேன்.

கடந்த ரெண்டு மூணு வருஷமாகத் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் முதுகலைக்கு எழுதும் திட்டக் கட்டுரைகளைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்புகிறார்கள். அநேகமாக எல்லோரும் வீட்டில் முதல் பட்டதாரிகள். பலர் சொந்தப் பகுதியையே தலைப்பாக எடுக்கிறார்கள், அது சந்தோஷம். ஆனால் வரைவைத் திறந்தால் முதல் பக்கத்தில் ஏறக்குறைய ஒரே வாக்கியம்: ‘வடசென்னை தொழிற்சாலைகள் நிறைந்த, பொருளாதாரத்தில் பின்தங்கிய பகுதியாகக் காணப்படுகிறது.’

யாருக்குக் காணப்படுகிறது? எழுதிய பெண் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். துறைமுகத்து ஜீரோ கேட்டுக்காக நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசை எண்ணூர் நெடுஞ்சாலையில் எந்த நேரத்தில் எதுவரை நீளும், அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எந்தச் சந்து வழியாகச் சுற்றிப் போவார்கள், தெருவில் எந்த அடிபம்புத் தண்ணீரைப் பாத்திரம் கழுவ மட்டும் எடுப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கட்டுரையில் இதில் ஒரு வரிகூட இல்லை. வடசென்னையை ரயிலில் கடந்து போனவர் யாரோ எழுதிய மாதிரி இருந்தது.

கேட்டேன். “அண்ணா, இதெல்லாம் வீட்ல பேசுறது. இதப் போய் ப்ராஜெக்ட்ல எழுதுனா கைடு அடிச்சிடுவாரு. மேற்கோள் எங்கன்னு கேப்பாங்க” என்றாள்.

அவள் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். நேரில் தெரிந்ததை எழுத மேற்கோள் வேண்டும் என்கிறோம். நேரில் தெரியாதவர் எழுதிய ‘பின்தங்கிய பகுதி’ என்ற சொல் எந்த மேற்கோளும் இல்லாமல் முதல் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறது.

கல்லூரிகளில் நடக்கும் ஆய்வு எழுத்துப் பயிலரங்குகள் இந்த இடத்துக்கு வருவதே இல்லை. அங்கே சொல்லித்தருவது பெரும்பாலும் வடிவம்: நோக்கம், எல்லை, அணுகுமுறை, பயன். அப்புறம் இணைப்புச் சொற்கள். அப்புறம் ‘நான்’ போடாதே, ‘ஆய்வாளர் கருதுகிறார்’ என்று போடு. வடிவம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ‘நான்’ போனதும் கூடவே பொறுப்பும் போய்விடுகிறது. ‘நான் 12 வீடுகளில் கேட்டேன்’ என்று எழுதினால், ஏன் 12, எந்த வீடுகள், யார் பதில் சொன்னார்கள் என்று அடுத்த கேள்வி வரும். ‘மக்களிடம் விழிப்புணர்வு குறைவாகக் காணப்படுகிறது’ என்று எழுதினால் ஒரு கேள்வியும் வராது. வைவா நாளில் அது வசதி. ஆய்வுக்கு அதில் என்ன கிடைத்தது?

தொல்காப்பியரே ‘என்மனார் புலவர்’ என்றுதானே சொல்கிறார் என்று ஒரு நண்பர் மடக்கினார். அங்கே தனக்கு முன்னால் சொன்னவர்கள் இருக்கிறார்கள் என்ற ஒப்புதல் இருக்கிறது. நம்முடைய ‘எனலாம்’ யாரையும் சுட்டுவதில்லை. சொன்னவர் நான்தான் என்றும் ஒத்துக்கொள்வதில்லை.

மேற்கோள் காட்டுவதை ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த சடங்கு போல நினைப்பவர்களுக்கு உ.வே. சாமிநாதையர் பட்ட பாட்டை நினைவுபடுத்துவேன். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவரைப் படுத்திய விஷயங்களில் ஒன்று நச்சினார்க்கினியர் உரை. பழைய வரி ஒன்றைக் காட்டிவிட்டு, நூல் பேர் சொல்லாமல் ‘என்றார் பிறரும்’ என்று போய்விடுவார் உரையாசிரியர். யார் அந்தப் பிறர் என்று கண்டுபிடிக்க ஐயர் ஏடு ஏடாகத் தேட வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்று ஒரு புத்தகமே எழுத முடிந்ததற்குக் காரணம், சில உரைகாரர்கள் நூலின் பேரைச் சொல்லிவைத்துப் போனதுதான். நூல் போய்விட்டது, மேற்கோள் மிஞ்சியது. வேங்கடசாமி பள்ளிக்கூட வாத்தியார், பல்கலைக்கழகத்துக்காரர் இல்லை. அவர் உரைநடையைப் படித்தால் எது சான்று, எது ஊகம் என்று பிரித்துப் பார்க்கலாம். ஆய்வு நடை கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது அவரைத்தான்.

இப்போது மேற்கோள் என்றாலே பிள்ளைகளுக்கு ஞாபகம் வருவது சதவீதம். பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. 40, 60 என்று தாண்டத் தாண்ட நடவடிக்கை கடுமையாகும். முறையாகப் பேர் சொல்லி எடுத்தாண்ட பகுதியும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேராது என்று அதே விதி தெளிவாகச் சொல்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. ‘சதவீதத்தைக் குறை’ என்ற ஒரே உத்தரவுதான் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருகிறது. விளைவு? நேராக மேற்கோள் குறி போட்டு எடுக்க வேண்டியதை எடுக்காமல், சொல்லுக்குச் சொல் மாற்றுகிறார்கள். ‘தொழிலாளர்’ ‘உழைப்பாளர்’ ஆகிறார், ‘குடிநீர்’ ‘பருகுநீர்’ ஆகிறது. கருத்து திருட்டுதான், சொல் மட்டும் புதுசு. திருட்டைத் தடுக்க வந்த விதி, திருட்டை மறைக்கும் பயிற்சியாக மாறிவிட்டது. இதற்கு மாணவரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

மாணவர் எழுத்து எப்படி இருக்கலாம் என்பதற்கு நம்மிடமே ஒரு முன்மாதிரி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, அவரவர் ஊர்ப் பக்கம் போய் விசாரித்து எழுதி வரச் சொன்னார். நிலம் யார் பேரில், கூலி எவ்வளவு, கடன் யாரிடம் என்று நேரடியான கேள்விகள். அந்தக் கட்டுரைகளைத் தொகுத்து 1918-இல் புத்தகமாகவும் போட்டார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் எல்லாம் அதில் வருகின்றன. நடையில் பெரிய அலங்காரம் கிடையாது. ஆனால் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி போய் விசாரித்து, 1940-இல் மறு ஆய்வு நூல் வெளியிட்டார்கள். இருவேல்பட்டுக்கு அதற்கப்புறமும் ஆட்கள் போனார்கள். 1916 முதல் 2008 வரை அந்த ஊரில் நிலமும் கூலியும் சாதி அரசியலும் எப்படி மாறின என்று எழுதிய கட்டுரையும் உண்டு.

இத்தனை பேர் திரும்பிப் போக முடிந்ததற்குக் காரணம், போய்ச் சரிபார்க்கிற மாதிரி அந்த மாணவர்கள் எழுதியிருந்தார்கள். கூலி இத்தனை என்று எழுதினால் இருபது வருஷம் கழித்து ஒருவர் வந்து, இப்போது இவ்வளவு என்று பக்கத்தில் வைக்கலாம். ‘கூலி குறைவாகக் காணப்படுகிறது’ என்பதற்குப் பக்கத்தில் எதை வைப்பது?

இதற்காக, சொந்த ஊர்க்காரி சொல்வதெல்லாம் சான்று என்று நான் வாதிடவில்லை. ஊர்ப்பாசம் கண்ணை மறைக்கும். கேள்விப்பட்டதும் பார்த்ததும் கலந்துபோகும். அந்தப் பெண்ணிடமும் அதைத்தான் பேசினேன். தண்டையார்பேட்டையில் 2013-இல் நிலத்தடித் தண்ணீரில் எண்ணெய் கலந்து வந்தது ஊரறிந்த செய்தி, பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். அதற்குப் பத்திரிகையும் உத்தரவும் சான்று. இன்றைக்கு அவள் தெருவில் எந்தப் பம்பைத் தவிர்க்கிறார்கள் என்பதற்கு அவள்தான் சான்று, அதுவும் போய்க் கேட்டு எழுதி வைத்தால் மட்டும். ரெண்டையும் ஒரே வாக்கியத்தில் குழப்பக்கூடாது. ‘என் அம்மா சொல்வார்’ என்று எழுதலாமா என்று கேட்டாள். எழுதலாம். அம்மா எந்த வருஷத்திலிருந்து அந்தத் தெருவில் இருக்கிறார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

புது வரைவு போன மாசம் வந்தது. முதல் பக்கத்தில் ‘பின்தங்கிய’ இல்லை. மூணு தெரு, 31 வீடு, எந்த வீட்டில் எந்தத் தண்ணீரை எதற்கு எடுக்கிறார்கள் என்று ஒரு அட்டவணை. வாக்கியங்கள் இன்னும் முட்டி மோதித்தான் போகின்றன, ஒற்று பல இடத்தில் தப்பு. ரெண்டாம் அத்தியாயத்தில் மறுபடி ஏழு ‘எனலாம்’. அதில் நாலை அடித்துவிட்டேன். மிச்சம் மூன்றும் அவள் உண்மையிலேயே தயங்குகிற இடங்கள், அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.