கருவி மலிந்தது, கண் திறந்ததா?

ஒரு காலத்தில் சினிமாப் படம் எடுப்பது பணமூட்டை படைத்தோர்க்கே உரிய தொழிலாயிருந்தது. பிலிம் சுருளின் விலையும், அதனைக் கழுவிப் பிரதி எடுக்கும் செலவும், ஏழைக் கலைஞனை வாயிலிலேயே நிறுத்திவிட்டன. டிஜிட்டல் காமிரா வந்ததும் அவ்வாயில் திறந்தது. மலேசியாவில் 2000-ஆம் ஆண்டில் அமீர் முகம்மது எடுத்த 'லிப்ஸ் டு லிப்ஸ்' இவ்வழியில் முதல் முழுநீளப் படமென்பர். 2005-இல் தீபக் குமாரன் மேனன் நம் தோட்டத்து மக்களின் கதையையே 'செம்மண் சாலை' என்னும் படமாக்கினார்.

மேற்படிப்பை விரும்பும் ஒரு தோட்டத்துப் பெண். வறுமையோடு போராடும் அவள் குடும்பம். இவ்வளவே கதை. பறந்து பறந்து அடிக்கும் வீரன் இதில் இல்லை. விறுவிறுப்பில்லை என்று குறை கூறுவோர் உளர்; நாம் அதனைக் குறையாகக் கொள்ளோம். தோட்டத்து வாழ்க்கை அவ்வாறுதான் நகர்ந்தது. படமும் அவ்வாறே நகர்கிறது.

2015-இல் வெளிவந்த சஞ்சை குமார் பெருமாளின் 'ஜகாட்' ஒரு படி மேற்சென்றது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் அப்போய், குண்டர் வாழ்வின் பக்கம் எவ்வாறு சாய்கிறான் என்பதை அது கூசாமல் காட்டுகிறது. குண்டனைத் தலைவனாக்கி வணங்கும் படங்களையே கண்டு பழகிய நமக்கு, குண்டன் உருவாகும் காரணத்தைக் காட்டிய படம் இது. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமென்னும் விருதும் பெற்றது.

ஆனால் இப்படங்களை நம்மில் எத்தனை பேர் கொட்டகைக்குச் சென்று கண்டோம்? தமிழ்நாட்டு நட்சத்திரத்தின் படமென்றால் விடுப்பெடுத்துப் பட்டணத்துக்கு ஓடுகிறோம். நம்மூர்ப் படமென்றாலோ, கைப்பேசியில் யாரேனும் அனுப்புவார்கள் என்று காத்திருக்கிறோம். ஆங்கிலம் கற்றுத் தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நாமும் இக்குற்றத்துக்கு விலக்கல்லோம். 'ஜகாட்'டை நாம் கண்டது விருது வந்த பின்னரே என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். பிறர் மெச்சிய பின்னரே நம்முடையதை மெச்சுவது அடிமைப் புத்தியன்றி வேறென்ன?

காமிரா மலிந்தமையால் நாளை நூறு இளைஞர் படமெடுப்பர். அவருள் பலர் சென்னைப் படத்துச் சண்டையையே நகலெடுப்பர். அது காமிராவின் பிழையன்று. உண்மையைச் சொல்லத் துணியும் ஒருவன் இரண்டாம் படம் எடுப்பதும் எடுக்காததும் நாம் கொடுக்கும் டிக்கட்டுக் காசில் இருக்கிறது. பால்மரங்கள் செம்பனைக்கு இடம் விட்டன. லயங்களும் மறைந்து வருகின்றன. அவ்வாழ்வை நாம் படமாக்காவிடில் வேறு எவர் ஆக்குவர்?

தோழர்களே, சிந்தியுங்கள்! அடுத்த நம்மூர்ப் படம் வரும்போது, விருதுக்குக் காத்திராமல், முதல் வாரத்திலேயே குடும்பத்தோடு கொட்டகைக்குச் செல்வோமாக.