மலைநாட்டு வாசகரும் நூல் மதிப்பீடும்

நூல் ஒன்றுக்குச் சிறப்புப் பாயிரம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்று கூறப் புகுந்த நன்னூலார், அதன்கண் இடம்பெற வேண்டிய எட்டனுள் 'கேட்போர்' என்பதையும் ஒன்றாக வைத்தார். நூலை ஆக்கியவன் யாவன், நூல் நுவலும் பொருள் யாது என்பன போலவே, அதனைக் கேட்டற்கு உரியவர் யாவர் என்பதும் அறியத்தக்கது என்பது அவர் கருத்து. இக்காலத் திறனாய்வு ஆசிரியரைப் பற்றியும் நூற்பொருளைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறது. கேட்போரைப் பற்றிப் பேசுவது அரிது. படித்தவர் சொன்ன கருத்துகள் புகழுரை என்றோ வசையுரை என்றோ கொள்ளப்பட்டு அவ்வளவில் விடப்படுகின்றன. அவற்றை ஆராய்ந்து எடைபோடுதலும் திறனாய்வின் பணியே என்பதற்கு இலங்கையின் மலைநாட்டுத் தோட்டப்புறம் தக்க சான்றாகும். அங்கே யாரைப் பற்றி நூல்கள் எழுதப்பட்டனவோ அவர்களும், அந்நூல்களைப் படித்துக் கருத்துரைத்தவர்களும் நெடுங்காலம் வெவ்வேறு மக்களாய் இருந்தனர்.

1869ஆம் ஆண்டில் ஆபிரகாம் ஜோசப் என்பார் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்னும் நூலை வெளியிட்டார். மலைநாட்டுத் தோட்டத் தொழிலைப் பொருளாகக் கொண்ட தமிழ் நூல்களுள் மிகப் பழையவற்றுள் இஃது ஒன்று. அதே ஆண்டில்தான் கோப்பிச் செடியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்டது. அதன்பின் இரண்டு பத்தாண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்து தேயிலை அதன் இடத்தைக் கொண்டது. கும்மி என்பது பெண்கள் கைகொட்டிப் பாடும் எளிய வடிவம். வடிவம் உழைப்பாளருடையதாயினும் நூலின் நோக்குத் தோட்டத் துரைமாரின் நோக்கோடு இசைந்தது என்று திறனாய்வாளர் கூறுவர். அந்நூலைப் பற்றி அக்காலத் தொழிலாளி என்ன எண்ணினான்? எழுத்தறிவு வாய்க்கப்பெறாத அவனிடம் கருத்துரை கேட்பார் எவருமிலர். ஆயினும் அவன் மனம் முற்றும் மறைந்துவிடவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளியான 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலைக் காண்போர், கங்காணியையும் கடனையும் வழிநடையின் துன்பத்தையும் அம்மக்கள் எவ்வாறு நோக்கினர் என்பதை உணர்வர். அப்பாடல்கள் அந்தக் கும்மியைக் கண்டு மறுமொழியாகப் பாடப்பட்டவை அல்ல; எனினும் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்குங்கால், ஒரே வாழ்க்கையைப் பற்றிய இருவேறு தீர்ப்புகள் புலப்படும்.

அச்சிட்ட நூல் தோட்டத்து லயங்களுள் புகுந்த வழியும் எண்ணத்தக்கது. சென்னையில் இரத்தின நாயகர் போன்றோர் பதிப்பித்த பெரிய எழுத்துக் கதைநூல்களே அங்கு மிகுதியாகப் பயின்றவை. நல்லதங்காள் கதையும் அல்லி அரசாணி மாலையும் ஒருவர் உரத்துப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டற்கு உரியனவாய் அமைந்தவை. காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கதையும் ஆடுகளத்தில் வளர்ந்த இடத்தில், நூலும் கேள்வியாகவே வாழ்ந்தது. கற்றோர் பலர் இக்கதைகளைச் சுவை குன்றியவை என்று ஒதுக்கினர். யாப்பும் சொல்லும் செப்பமாக இல்லை என்பது அவர் கூறும் குற்றம். அக்குற்றம் உண்மையே. ஆயின், பஞ்சத்தால் பசித்த பிள்ளைகளோடு பிறந்த வீட்டை நாடிச் சென்று, அண்ணியின் கதவு அடைபட்டிருக்கக் கண்ட ஒருத்தியின் கதை, பஞ்சத்தால் ஊர்விட்டு வந்தவரின் வழித்தோன்றல்களுக்கு வெறுங்கதை ஆகுமோ? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் பிறந்த நாட்டிலேயே நாடற்றவராக்கப்பட்டவர்க்கு, அடைபட்ட கதவு என்பது உவமை அன்று, பட்டறிவு. அவர்கள் அக்கதைக்கு அழுதனராயின், அது சுவையறியாமையின் விளைவு என்று கொள்ளுதல் பொருந்தாது. கதையின் எப்பகுதி தம் வாழ்வைத் தொடுகின்றது என்று அறிந்தே அவர்கள் அதனைப் போற்றினர் என்று கொள்ளுதலே நேரிது.

இனி, புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை நோக்குவோம். 1935இல் மணிக்கொடியில் வெளிவந்த இந்நெடுங்கதை, திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் மருதி என்பவளின் துயரைக் கூறுகிறது. அதன் ஆசிரியர் இலங்கையைக் கண்டவரல்லர். இதனைப் பற்றிக் கருத்துரைப்போர் இரு சாரார். தோட்டத்தின் நிலமும் தொழிலும் அங்குள்ளவாறே தீட்டப்படவில்லை என்பர் ஒரு சாரார். ஆள்பிடிப்போரின் வஞ்சமும் பெண்ணின் இழிநிலையும் இத்துணைக் கூர்மையாக அதற்குமுன் எழுதப்படவில்லை என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினும் மறுப்பன அல்ல. முன்னது செய்தியின் உண்மை பற்றியது. பின்னது உணர்வின் உண்மை பற்றியது. "இஃது எங்கள் தோட்டம் அன்று, ஆயினும் மருதி எங்கள் பெண்ணே" என்று ஒரு வாசகர் கூறுவாராயின், அவர் முரண்பட உரைத்தார் என்று எவரும் குறைகூற இயலாது. இருவகை உண்மைகளையும் ஒருங்கே நிறுத்து உரைத்தார் என்பதே பொருந்தும்.

செய்தியின் உண்மையை நன்கறிந்த ஒருவர் எழுதிய நூலும் வேறொரு வகையில் வாசகரைவிட்டு விலகி நின்றதுண்டு. சி. வி. வேலுப்பிள்ளை நுவரெலியா மாவட்டத்து மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவர். தோட்ட வாழ்வை உள்ளிருந்து அறிந்த அவர், அதனைப் பற்றிய நெடும்பாடலை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆங்கிலம் கற்றவரும் பிறநாட்டாரும் அதனைப் பாராட்டினர். பாடலின் நாயகராகிய கொழுந்து பறிப்போரோ, சக்தி பாலையா அதனைத் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கிய பின்னரே அதனை எட்டக்கூடியவராயினர். உலகினரிடம் முறையிட வேண்டிய காலத்தில் உலகமொழியில் எழுதியது குற்றமன்று. எனினும் அந்நூல் பெற்ற முதற்புகழில் அதற்குரிய மக்களின் குரல் கலந்திருக்கவில்லை என்பதைத் திறனாய்வாளர் மறத்தலாகாது. புகழின் அளவு வேறு. அப்புகழ் யாரிடமிருந்து வந்தது என்பது வேறு.

காலமும் வாசகர் கருத்தை மாற்றுகிறது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் நூலாக வந்தது. தமிழகத்திலிருந்து மலைநாட்டுக்கு வந்த மக்களின் வரலாற்றைக் கூறும் நாவல் அது. அதே ஆண்டு அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுதற்கும், 3,00,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெறுதற்கும் உரியவராயினர். எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர்த் தீர்க்கப்படுமாறு விடப்பட்டது. வருகையைப் பேசும் நூலைப் படித்தவர், அவ்வாண்டு முதல் திரும்பிச் செல்லுதலைப் பற்றி எண்ண வேண்டியவராயினர். தமிழகத்து வாசகருக்கு அந்நூல் அறியாத ஒரு நாட்டின் செய்தி. மலைநாட்டு வாசகருக்குத் தம் பாட்டன் பாட்டியரின் கதை. பின்னர் நீலகிரியில் குடியேற்றப்பட்டவர்க்கோ விட்டுவந்த மண்ணின் நினைவு. நூல் ஒன்றே, கேட்போர் மூவர். அவர்தம் கருத்துகளைக் கூட்டிச் சராசரி காண முயல்வது பயனற்றது. ஒவ்வொன்றும் எந்நிலையிலிருந்து எழுந்தது என்று காண்பதே பயனுடையது.

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' இதற்கு மாறான ஓர் இயல்பைக் காட்டும். 1980இல் வெளிவந்த தொகுதிக்குப் பெயர் தந்த இச்சிறுகதையில், இளம்பெண் ஒருத்தி ஒருநாள் வழக்கத்துக்கு மிகுதியாகக் கொழுந்து பறிக்கிறாள். அந்த நிறை மெய்யோ என்று பிறர் ஐயுறுகின்றனர். வெளியூர் வாசகருக்கு இது சிறியதொரு பூசலாகத் தோன்றலாம். தோட்டத்தில் வாழ்பவர்க்கு அவ்வாறன்று. காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறுபவளின் ஒருநாள் உழைப்பும் மாலையில் தராசின் முள்ளிலேயே தொங்குகிறது. குறித்த றாத்தல் நிறையாவிடில் அரைப்பேர். கூடைக்கும் ஈரத்துக்கும் எனக் கழிப்பது வேறு. அத்தகைய தராசு மிகுதியைக் காட்டிய ஒருநாளில், அதனையும் பொய் என்று பிறர் கூறினால், ஐயத்துக்கு உள்ளாவது அவளது மானம். இதனை அறிந்த வாசகர் கதையின் நடுநரம்பை உடனே தொட்டுவிடுவர். இங்கே செய்தியறிவு கலையை அளத்தற்கே கருவியாகிறது. தோட்டத்து வாசகர் வாழ்க்கைச் செய்தியை மட்டும் தேடுவர், கலையை அறியார் என்பாரின் கூற்று இக்கதையின் முன் நிற்பதில்லை.

இவ்வெடுத்துக்காட்டுகளால் பெறப்படுவது யாது? ரசிகமணி டி. கே. சி. வழிநின்றோர் நூலின் உயிரைச் சுவையில் கண்டனர். பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியான 'தமிழ் நாவல் இலக்கியம்' முதலிய நூல்களால் சமுதாயப் பின்னணியை அளவுகோலாக்கினார். மலைநாட்டு வாசகர் இவ்விருவர் பள்ளியிலும் பயின்றவரல்லர். ஆயினும் நல்லதங்காளுக்கு அழுதபோது முன்னதையும், தோட்டத்தின் உண்மையைக் கேட்டபோது பின்னதையும் தாமாகவே கைக்கொண்டனர். ஆகவே அவர்தம் கருத்தைக் கல்லாதவர் பேச்சு என்று தள்ளுதல் தவறு. துன்பம் பட்டவர் சொல்லே முடிந்த முடிபு என்று தலைமேற் கொள்ளுதலும் தவறே. தோட்டத்தில் என்ன நிகழ்கிறது என்பதற்கு அவரே முதற்சாட்சி. அவ்விடத்து அவரை மறுக்க வேறொருவர்க்கு உரிமை இல்லை. நூல் கலையாகச் சிறந்ததா என்னும் இடத்திலோ, அவரும் பிறரைப் போலவே ஒப்பிட்டும் ஆராய்ந்தும் காரணம் காட்டக் கடமைப்பட்டவர். 'எங்கள் கதை' என்பதனாலேயே ஒரு நூல் நல்ல நூல் ஆகிவிடாது. அவ்வாறு ஏற்பின், குறைபட்ட நூல்களும் பரிவு காரணமாகப் புகழப்பட்டு, மலைநாட்டு இலக்கியம் வளர்ச்சி குன்றும். பரிவால் தரப்படும் புகழ் ஒருவகை இகழ்ச்சியே ஆகும்.

நிலைமை இப்போது பெரிதும் மாறியுள்ளது. 1970களில் தோட்டங்களும் தோட்டப் பள்ளிகளும் அரசின்கீழ் வந்தன. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கிற்று. லயத்தில் பிறந்தோர் பட்டதாரிகளாகவும் ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் விளங்குகின்றனர். தம்மைப் பற்றிய நூல்களைத் தாமே படித்துத் தாமே தீர்ப்புரைக்கும் நிலை எய்தியுள்ளனர். ஆனால் உரத்துப் படிக்கக் கேட்டு நூலறிந்த தலைமுறை முதுமையுற்று மறைந்துகொண்டிருக்கிறது. எந்தக் கதைக்கு அவர்கள் அழுதனர், எதனைக் கேட்டு நகைத்தனர், எதனைப் பொய் என்று விலக்கினர் என்பவை எழுதப்படாத மதிப்புரைகள். அட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள பாடசாலைகளும் வாசகர் வட்டங்களும் மாணவரைக் கொண்டு அவற்றைக் கேட்டு எழுதிவைத்தல் அரிய செயலன்று. அது செய்யப்படுமாயின், மலைநாட்டு இலக்கிய வரலாறு எழுதுவோர்க்கு நூல்களின் பட்டியலோடு அந்நூல்களைக் கேட்டோரின் தீர்ப்பும் கிடைக்கும். பாயிரத்துள் கேட்போருக்கு இடம் தந்த மரபினர்க்கு இப்பணி புதியதும் அன்று.