இருவழிக் குழாயில் ஒருவழி டிரையர்

ஏசி குழாயைத் திறந்தால் பில்டர் டிரையரையும் மாற்றிவிடு என்பது மெக்கானிக்குகள் தொழிலில் நுழைந்ததும் கற்கும் பாடம். பாடம் சரிதான். ஆர்-410ஏ வாயுவோடு ஓடும் பிஓஇ எண்ணெய் காற்றின் ஈரத்தை ஆவலாக உறிஞ்சும். ஈரம் எண்ணெயைச் சிதைத்து அமிலமாக்கும். அமிலம் கம்ப்ரசரின் சுருளை அரிக்கும். டிரையருக்குள் இருக்கும் 3 ஆங்ஸ்ட்ராம் துளையுள்ள மாலிகுலர் சீவ், நீர் மூலக்கூறை மட்டும் உள்ளே இழுத்து அடைத்துவிடுகிறது.

எந்த டிரையர், எந்த இடத்தில் என்பதை அந்தப் பாடம் சொல்வதில்லை. குளிரூட்டவும் வெப்பமூட்டவும் செய்யும் ஹீட் பம்ப்பில் கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. ரிவர்சிங் வால்வு திரும்பியதும் திரவம் எதிர்த்திசையில் ஓடும். அம்புக்குறி போட்ட சாதாரண டிரையர், கோடை முழுக்கப் பிடித்துவைத்த செப்புத் துகளையும் பிரேசிங் கரியையும் குளிர்காலத்தில் வந்த வழியே திருப்பிக் கொட்டும். அவை போய்ச் சிக்குவது எக்ஸ்பான்ஷன் வால்வில்.

இதற்கென்றே வந்தது இருதிசை டிரையர். உள்ளிருக்கும் செக் வால்வுகள், திரவம் எந்த முனையில் நுழைந்தாலும் அதைச் சல்லடைக் கட்டியின் வெளியிலிருந்து உள்ளே பாய வைக்கும். பிடித்த அழுக்கு பிடித்தபடி இருக்கும். வால்வுகள் இடம் பிடிப்பதால் உலர்த்தும் பொருள் குறையும், விலையும் கூடும். இருந்தும், திரவக் குழாயில் வேறு டிரையர் போடுவதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் திரவக் குழாய் என்று ஒன்று இருக்க வேண்டுமே! சுவரில் மாட்டும் மினி ஸ்பிளிட்டில் எக்ஸ்பான்ஷன் வால்வு பெரும்பாலும் வெளி யூனிட்டுக்குள் இருக்கிறது. குளிரூட்டும்போது அறைக்கு வரும் மெல்லிய குழாயில் ஓடுவது, ஏற்கெனவே அழுத்தம் குறைந்த திரவமும் ஆவியும் கலந்த கலவை. அங்கே டிரையரைச் செருகினால் கூடுதல் தடைதான் மிச்சம். நல்ல பழக்கம் இடம் தெரியாமல் நுழைந்து கெடுதலாவது இப்படித்தான்.

கம்ப்ரசர் எரிந்த பிறகு போடும் சக்ஷன் டிரையருக்கும் இதே கணக்கு. இரு யூனிட்டுக்கும் நடுவே செல்லும் பருத்த குழாயில், வெப்பமூட்டும்போது சூடான உயரழுத்த வாயு பாயும். ரிவர்சிங் வால்விலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் துண்டுக்குழாய் மட்டுமே எப்போதும் சக்ஷன். அங்கே வைத்து, அமிலம் நீங்கியதும் எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அழுத்தம் விழுந்து திறன் குறையும்.

டிரையர் இருக்கிறதே என்று, குழாயின் ஈரத்தை இழுத்தெடுக்கும் வேக்குவத்தில் நேரத்தைக் குறைப்பவர்களும் உண்டு. அதன் கொள்ளளவு சில கிராம் நீர்தான். பழையதைத் தீ காட்டிக் கழற்றினால், சேர்த்த ஈரத்தை அதுவே குழாய்க்குள் விட்டுவிடும். கட்டரால் வெட்டி எடுப்பதே முறை.

டிரையர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க அதன் இரு முனை வெப்பநிலையை அளப்பார்கள். வித்தியாசம் தெரிந்தால் அடைப்பு. ஹீட் பம்ப்பில் குளிரூட்டும்போது ஒருமுறை, வெப்பமூட்டும்போது ஒருமுறை அளக்க வேண்டும்: செக் வால்வு ஒரு பக்கம் மட்டும் சிக்கியிருந்தால், மற்றப் பக்கம் ஓடும்போது அது தெரியவே தெரியாது.